முதுமையுற்ற பயணக் கப்பல்களும் அவற்றின் வழித்தோன்றல்களும்

அரசாங்க உத்தியோகத்தர் அறுபதாம் வயதில் ஓய்வு பெறுகின்றார். ஆசிரியர்க்கும் ஏறக்குறைய அதுவே எல்லை. மாலையிட்டு, வாழ்த்துப் பத்திரம் வாசித்து, நிழற்படம் எடுத்து, ஓய்வூதியத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றோம். கடலிலே மக்களைச் சுமந்து திரியும் பெருங்கப்பலுக்கும் ஓய்வு வயது ஒன்றுண்டு. பெரும்பாலும் அது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டது. ஆயின் அதற்கு மாலையுமில்லை, ஓய்வூதியமுமில்லை. தன் உடலின் இரும்பையே விலையாகக் கொடுத்து அஃது உலகினின்றும் விடைபெறுகின்றது.

கப்பலின் முதுமை கப்பற்காரர்க்குரிய கவலை, நமக்கென்ன என்று யாழ்ப்பாணத்தார் இருந்துவிடுதல் இயலாது. கலம், நாவாய், வங்கம், தோணி எனக் கடலூர்திக்குப் பெயர்கள் பல கொண்டது நம் மொழி. கடலாற் சூழப்பட்டுச் சிறியதோர் நிலத்தொடர்பால் பெருநிலத்தோடு பிணைந்து கிடப்பது நம் நாடு. எமது கல்லூரியின் பழைய மாணவருள் எத்தனையோ பேர் கொழும்பிலே கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி, மலாயாப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்து, முதுமையில் ‘மலாயாப் பென்சனியர்’ என்ற பெயரோடு ஊர் திரும்பினர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளும் கிணறுகளும் இன்றும் எம்மூர்களில் உள. அக்கப்பல்கள் எங்கே போயின, அவற்றின் இடத்துக்கு எவை வந்தன என்று வினவுதல் எமக்கு உரிமையுள்ள வினாவேயாகும்.

எமது கடலின் பழைய கலங்கள்

வல்வெட்டித்துறையிலே வேப்பமரங் கொண்டு கட்டப்பெற்ற அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை முதலில் நினைவு கூர்வோம். 89 அடி நீளமும் 19 அடி அகலமுமுடைய அக்கலத்தை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வை மாலுமிகள் செலுத்த, அது செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. எம்மவர் கைவினைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நீராவிக் கப்பல்களுள் தமிழர் மறவாத பெயர் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற இக்கப்பல், சென்னையிலும் நாகபட்டினத்திலும் மக்களை ஏற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குக் கொண்டுசென்றது. எண்ணாயிரம் தொன்னுக்குச் சற்று மேற்பட்ட அச்சிறு கப்பல் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. கட்டிலுமில்லை, அறையுமில்லை, பாயும் தலையணையும் தகரப்பெட்டியுமே பயணியின் உடைமை. அதன் உடன்பிறந்த கப்பலாகிய ரோனா 1943ஆம் ஆண்டு நவம்பரில் அல்சீரியக் கரைக்கப்பால் செர்மானியக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரோடு மூழ்கியது. ரஜூலாவோ தப்பிப் பிழைத்து நாற்பத்தேழு ஆண்டு உழைத்தது. 1973இல் இந்தியக் கப்பற் கூட்டுத்தாபனம் அதனை வாங்கி ரங்கத் என்று பெயரிட்டது. மறு ஆண்டே அது பம்பாயில் உடைக்கப்பட்டது.

அதன் பணியைத் தொடர்ந்தது, செக்கிழுத்த செம்மல் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் பெயர் தாங்கிய சிதம்பரம் என்னுங் கப்பல். அதுவும் புதுக்கப்பலன்று, 1966இல் பிரான்சிலே பஸ்தர் என்ற பெயரோடு தோன்றி, 1972இல் இந்தியர் கைக்கு வந்தது. 1985 பெப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர்; அவ்வாண்டிலேயே அக்கப்பலின் வாழ்வும் முடிந்தது. அதற்கு வழித்தோன்றல் எதுவும் வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் சென்று வந்த கடல்வழி அத்தோடு மூடப்பட்டது.

கப்பல் முதுமையுறுவது எவ்வாறு?

இரும்பும் உப்புநீரும் என்றும் பகைவர். கப்பலின் உருக்குத் தகடுகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. தகட்டின் கனத்தை ஒலியலைகளாற் கருவி கொண்டு அளந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மெலிந்தவற்றை வெட்டி நீக்கிப் புதியன பொருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை பெருஞ்சோதனை நிகழும். அதிலே தேறாத கப்பலுக்குச் சான்றிதழில்லை. சான்றிதழின்றேற் காப்புறுதியுமில்லை, பயணமுமில்லை. எமது மாணவர் பரீட்சைக்கு அஞ்சுவது போலவே கப்பலுடையார் இச்சோதனைக்கு அஞ்சுவர். முதிய கப்பலைப் பொறுத்தவரை ஒவ்வொரு பரீட்சைக்கும் ஆகுஞ் செலவு முன்னையதினும் மிகும்.

இரண்டாவது காரணம் சட்டம். கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்படி, எளிதில் தீப்பற்றும் பொருள்களாலமைந்த பயணிகள் கப்பல்கள் 2010ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துக்குப் பின் சர்வதேசப் பயணஞ் செய்தலாகாது என விதிக்கப்பட்டது. மரப்பலகைச் சுவர்களும் செதுக்கு வேலைப்பாடுகளும் நிறைந்த பழைய அழகுக் கப்பல்கள் பல அவ்விதியால் ஓய்வு பெற்றன. 2020ஆம் ஆண்டு முதல், கப்பல் எரிநெய்யில் கந்தகம் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேற்படலாகாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது காரணம் வருவாய். இக்காலப் பயணி தன் அறையோடு கடலை நோக்கிய மாடமும் வேண்டுமென்கிறான். முப்பதாண்டுக்கு முன் கட்டிய கப்பல்களில் அத்தகைய மாடங்கள் சிலவே. இவ்வாறு, மிதக்க வலிமையுள்ள கப்பலும் வருவாய் ஈட்ட வலிமையற்றதாகின்றது.

ஓராண்டிற் பிறந்த இரு கப்பல்கள்

இவ்விதிகளின் விளைவை இரு கப்பல்களின் வரலாற்றாற் காட்டுவோம். இரண்டும் 1990இல் தோன்றியவை.

ஒன்று இத்தாலியிலே கட்டப்பெற்றது. பல பெயர் மாறி, ஈற்றிற் கர்ணிகா என்ற பெயரோடு 2019இல் மும்பைத் துறைக்கு வந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கொரோனா நோய் உலகைப் பற்றிக்கொண்டது. துறைமுகங்கள் மூடப்பட்டன, பயணிகள் கப்பல்கள் யாவும் நங்கூரமிட்டு நின்றன. நிற்குங் கப்பலும் உண்ணும்: மாலுமிக்குச் சம்பளம், இயந்திரத்துக்கு எண்ணெய், துறைக்குக் கட்டணம். கர்ணிகா 2020 முடியுமுன் குசராத்திலுள்ள அலங் கடற்கரைக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டிலேயே துருக்கியின் அலியாகாக் கரையிற் பெரிய பயணக் கப்பல்கள் பல அடுத்தடுத்து ஏறி நின்ற காட்சியை உலகம் கண்டது.

மற்றையது பிரான்சின் சென் நசேர்த் துறையிற் கட்டப்பெற்ற எம்பிரஸ். அதன் கொள்ளளவு 48,563 தொன். ஈண்டுத் தொன் என்பது நிறையன்று, கப்பலின் உள்ளிடத்தைக் குறிக்கும் அளவை என்பதை மாணவர் நினைவிற் கொள்க. 1912இல் மூழ்கிய ரைற்றானிக்கின் அளவு 46,328 தொன். ஆகவே இதுவும் அதனோடொத்த பெருங்கலமே. நோய்க்காலத்தில் விற்கப்பட்ட இக்கப்பலை இந்தியாவின் கோடேலியா நிறுவனம் பெற்றது. உடைக்கப்பட்டிருக்க வேண்டிய கப்பல் மறுவாழ்வு பெற்றுச் சென்னையினின்று புறப்பட்டு, 2023 யூன் மாதத்தில் எமது காங்கேசன்துறைக்கும் வந்தது. நெடுங்காலம் பயணிகள் கப்பலைக் காணாதிருந்த எம் கரைக்கு அஃது ஒரு விழாவாயிற்று.

அதற்கும் முதுமை வந்துவிட்டது. கோடேலியா நிறுவனம் 2026இலும் 2027இலும் நோர்வீஜியன் ஸ்கை, நோர்வீஜியன் சன் என்னும் இரு கப்பல்களைக் குத்தகைக்குப் பெறுமென 2025இல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் எழுபத்தேழாயிரம் தொன்னுக்கு மேற்பட்டது. ஆயின் முதற் கப்பல் 1999இலும் இரண்டாவது 2001இலும் நீரிற் புகுந்தவை. முன்னதன் உடலைக் கட்டத் தொடங்கிய செர்மானியக் கம்பனி இடையில் நொடித்துப்போக, வேறொரு கம்பனி அதனை முடித்தது என்பது அதன் இளமை வரலாறு. எமக்குப் ‘புதியது’ என்று வருவது பிறர்க்குப் பழையது. சிதம்பரம் வந்த வழியும் இதுவே. இதிலே இழிவொன்றுமில்லை. அண்ணன் அணிந்த சட்டையைத் தம்பி அணிந்து பள்ளிக்குச் சென்ற காலத்தை நாம் மறக்கவில்லை. ஆயினும் தம்பிக்கென்று ஒரு புதுச்சட்டை என்றாவது தைக்கப்படல் வேண்டும்.

இறுதி யாத்திரை

அலங் கரையிற் கடல் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. பூரணையும் அமாவாசையும் ஒட்டி நீர் உயரும்பொழுது, கப்பல் தன் இயந்திர வலியாலேயே விரைந்து வந்து கரையில் ஏறும். நீர் வற்றியதும் அது மணலில் நிற்கும். பின்னர்த் தொழிலாளர் வாயுத் தீயால் முன்புறத்தினின்று வெட்டத் தொடங்குவர். உருக்கு ஆலைக்குச் செல்லும். கதிரை, கட்டில், கண்ணாடி, கோப்பை யாவும் வீதியோரக் கடைகளில் விற்பனையாகும். ஓரிருவர் மாத்திரமே நற்பேறு பெறுவர்: குயீன் மேரி என்ற புகழ்பெற்ற கப்பல் 1967 முதல் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் நிலைபெற்று நிற்கின்றது.

இத்தொழிலில் உயிரிழந்த ஏழைத் தொழிலாளர் பலர். பழங் கப்பல்களிலுள்ள கல்நார் நுரையீரலைக் கெடுக்கும். எண்ணெய்க் கழிவு கடலைக் கெடுக்கும். இவற்றைத் தடுக்க 2009இல் ஒப்புக்கொள்ளப்பட்ட ஹொங்கொங் உடன்படிக்கை 2025ஆம் ஆண்டு யூன் 26இலேயே நடைமுறைக்கு வந்தது. கப்பலிலுள்ள நச்சுப் பொருள்களின் பட்டியலின்றி இனி அதனை உடைத்தலாகாது என்பது அதன் சாரம். பதினாறாண்டு காத்திருந்து வந்த நீதி, வந்தமட்டில் நன்றே.

வருங்காலக் கப்பல்கள்

மேனாடுகளில் வழித்தோன்றல்கள் மலைபோல வளர்கின்றன. 2024 சனவரியில் மியாமியினின்று புறப்பட்ட ஐக்கன் ஒவ் த சீஸ் 248,663 தொன் அளவுடையது. ரைற்றானிக் ஐந்தினை உள்ளடக்கவல்லது. 7,600 பயணிகள் வரை ஏற்றும் அக்கப்பல் திரவமாக்கிய இயற்கை வாயுவால் இயங்குகின்றது. அவ்வெரிபொருளாற் புகையும் கந்தகமும் குறையும். ஆயின் எரியாது தப்பும் மெதேன் வாயு, இருபதாண்டுக் கணக்கில், கரியமில வாயுவிலும் எண்பது மடங்கு வெப்பத்தைப் பூமியிற் சிறைப்படுத்தும் என்பர் அறிவியலார். ஆகவே மெதனோல், மின்கலம், துறையில் நிற்கையிற் கரையினின்று பெறும் மின்சாரம் ஆகியவற்றின் மேல் நாட்டஞ் செல்கின்றது. எம்பிரஸ் பிறந்த அதே சென் நசேர்த் துறையிலே, உறுதியான பெரும்பாய்களைக் கொண்டு காற்றின் துணையோடு செல்லும் ஓரியன்ற் எக்ஸ்பிரஸ் கொறிந்தியன் என்ற பயணக் கப்பல் கட்டப்பெற்றுள்ளது. அன்னபூரணியின் பாய்களை விஞ்ஞானம் மீண்டுந் தேடி வந்துள்ளது என்று நாம் மகிழலாம்.

எமக்குரிய பாடம்

கப்பல் ஓய்வு பெறுதல் துன்பமன்று. அதன் இடம் வெறுமையாதலே துன்பம். 1914இல் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிச் சேவையில் இர்வின், கோஷன் முதலிய கப்பல்கள் உழைத்தன. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், இராமேஸ்வரத்தினின்று இராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. 1984இல் போர்ச்சூழலால் அதுவும் நின்றது. பின்னர் 2023 ஒக்ரோபர் 14இல் செரியபாணி என்ற கலம் நாகபட்டினத்தினின்று காங்கேசன்துறைக்கு வரும்வரை, முப்பத்தொன்பது ஆண்டுகள் வடபகுதி மக்களுக்கு இந்தியா செல்ல ஒழுங்கான கடல்வழியில்லை. அதுவும் சில நாளில் வானிலையால் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மீளத் தொடங்கிற்று. சிறு கலங்கள் மாரிக்கடலுக்கு அஞ்சும் என்பது அதனாற் பெற்ற அறிவு.

நெடுந்தீவாரை நினையாது இக்கட்டுரையை முடித்தல் முறையன்று. அவர்க்குப் படகே வீதி. படகே வைத்தியசாலை வண்டி. படகே பள்ளிக்கூட வண்டி. நெடுங்காலம் அவர்க்கு உழைத்த குமுதினி, 1985 மே 15இல் அப்பாவிப் பயணிகளின் குருதியால் நனைந்த படகு. ஆயினும் அது மீண்டும் மக்களைச் சுமந்தது. 2017இல் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை சேவைக்கு வந்தது. குறிகட்டுவான் துறையில், கொந்தளிக்கும் கடலை நோக்கியவாறு கைப்பெட்டியோடு நிற்கும் ஆசிரியையைக் கண்டோர், இரண்டரை இலட்சம் தொன் கப்பலிலும் எண்பது பேர் ஏறும் உறுதியான படகொன்றே எமக்கு அவசரமானது என்பதை உணர்வர்.

முதிய படகு பழுதடையுமுன் அதற்கு மாற்றுப் படகு ஆயத்தமாதல் வேண்டும். ஆசிரியர் ஓய்வு பெறுமுன் அடுத்தவரைப் பயிற்றும் நல்லதிபர் போன்று, துறைகளை ஆள்வோரும் பத்தாண்டு முன்னோக்கித் திட்டமிடல் வேண்டும். அத்திட்டங்களை வரைபவர், கலங்களைச் சோதிப்பவர், இயந்திரங்களைச் செப்பனிடுபவர் எம்மவராயிருத்தல் சாலும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. கடலறிவு வல்வையிலும் தீவகத்திலும் இன்னும் குடியிருக்கின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் பணி இன்று எமது வகுப்பறைகளில் இருக்கும் மாணவர்க்குக் காத்திருக்கின்றது. வேப்பமரத்தாற் கலஞ் சமைத்து அத்திலாந்திக்கைக் கடந்த கைகளின் வழித்தோன்றல்கள் இவர்களே. பழைய மாணவராகிய நாம் கரையிலிருந்து வழியனுப்ப ஆயத்தமாயுள்ளோம்.