கை தட்டிப் பாருங்கள்!

காரைக்கால் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்கப் போயிருக்கிறீர்களா? யாராவது ஒருவர் சங்கிலியும் நாயுமாக எதிரே வந்து, "அல்சேஷன் ஸார்!" என்று பெருமையாகச் சொல்லுவார். நாய் ஜெர்மனி தேசத்தது. பெயர் பிரான்சின் அல்சேஸ் சீமையுடையது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊருக்குப் பொருத்தம்தான்! ஆனால் நம் பக்கத்திலேயே ஓர் உயர்ந்த ஜாதி நாய் இருப்பதை மறக்கலாமா?

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்தில், தாத்தா காலத்திலிருந்து நாய் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. பால் வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு, நீண்ட கால்கள். அன்று காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய், இன்று வீட்டுக்கும் தோப்புக்கும் காவல். 2005-ல் தபால் இலாகா அதற்குத் தபால் தலையே வெளியிட்டது.

அந்த வெள்ளையில்தான் ஒரு வினையும் இருக்கிறது. உட்செவி சரியாக வேலை செய்ய, நிறம் தரும் உயிரணுக்கள் அங்கே இருக்க வேண்டும். வெள்ளை நாய்கள் சிலவற்றுக்கு அவை இருப்பதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே காது செவிடாகிவிடும். நிறம் கெடக் கூடாதென்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால், குறையும் கூடவே இறங்கும். ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் செய்யாதவர்கள் நாம். நாய்க்கும் அந்த நியாயம் வேண்டாமா?

ஆகவே, குட்டி வாங்கப் போனால் தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். குட்டிக்கு ஆறு வாரமாவது ஆகியிருக்கட்டும். அது பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டுங்கள். காற்றுப் படக் கூடாது. தரை அதிரக் கூடாது. திரும்பாவிட்டால் சந்தேகம்தான். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தேறிவிடும். ஓசை கேட்டதும் மூளையில் எழும் மின்துடிப்பை அளக்கும் கருவிதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதை அன்பாக வளர்க்கலாம். ஆனால் இனவிருத்திக்கு விடக் கூடாது.

செவிட்டுக் குட்டி வந்து சேர்ந்துவிட்டதா? தெருவில் விட்டுவிடாதீர்கள். சைகையால் பழக்கலாம். உட்காரச் சொல்ல ஒன்று, அழைக்க ஒன்று. சொன்னபடி செய்ததும் ஒரு வாய்த் தீனி. பாட்டி ஒரு சைகை, பேரன் ஒரு சைகை என்றால் நாய் குழம்பிப் போகும். வீடு முழுவதும் ஒரே சைகைதான். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள். வெளியே போனால் வார் கட்டாயம்.

வெள்ளைத் தோலுக்கு விலை பேசுமுன் ஒரு முறை கை தட்டுங்கள். வாங்குகிறவர் தட்டினால்தான், வளர்க்கிறவர் காதில் விழும்!