சத்தம் குறைந்தது, வெளிச்சம் கூடியது

2003-ம் ஆண்டின் தொடக்கத்தில் என்விடியா கொண்டுவந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கிராஃபிக்ஸ் கார்டை இன்றும் பலர் மறக்கவில்லை. காரணம் அதன் வேகம் அல்ல, அது போட்ட கூச்சல். வெளிக்காற்றைப் பின்பக்கமாக உறிஞ்சி, உள்ளே ஓட்டி, சூடான காற்றை மறுபடி வெளியே தள்ளும் ஒரு ஃபேன் அமைப்பு அதில் இருந்தது. கேம் ஓட ஆரம்பித்தால் அறையே இரையும். கையடக்க வாக்குவம் கிளீனர் ஒன்றின் பெயரான ‘டஸ்ட்பஸ்டர்’ அதற்குப் பட்டப்பெயராகவே நிலைத்தது. போட்டியாளரான ஏடிஐயின் ரேடியான் 9700 ப்ரோவோ சில மாதங்களுக்கு முன்பே வந்து, சின்ன ஃபேனோடு ஒரே ஸ்லாட்டில் அடங்கிக்கொண்டு சளைக்காமல் வேலை செய்தது. என்விடியாவைப் பாராட்டவும் ஒரு விஷயம் உண்டு. அந்தக் கார்டை வைத்து உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளுவதுபோல, தன்னையே நக்கலடித்து ஒரு வீடியோ எடுத்தது. சில மாதங்களில் வந்த 5900 அல்ட்ராவில் அந்த ஃபேன் அமைப்பு இல்லை.

இன்றைய உச்ச கார்டுகளின் மின்சாரப் பசி அதைவிடப் பல மடங்கு. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட். 2025-ல் வந்த 5090-க்கு 575 வாட். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. ஆனாலும் இவை 5800 அல்ட்ராவைப் போல அலறுவதில்லை. எப்படி?

ஃபேனின் சுழற்சி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். காது நன்றாகவே உணரும் வித்தியாசம் இது. ஆனால் அது தள்ளும் காற்றும் பாதியாகிவிடும். ஈடுகட்ட வேண்டுமானால் ஃபேன் பெரிதாக வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டும், காற்று உரசிச் செல்லும் அலுமினியத் தகடுகளின் பரப்பும் பெருக வேண்டும். ஆக, அமைதி வேண்டுமென்றால் உலோகத்தைக் கொட்ட வேண்டும். 4090-ன் ஆடம்பர வடிவங்கள் 35 சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை கிலோ எடையுமாக வளர்ந்தது இப்படித்தான். கனம் தாங்காமல் ஒரு பக்கம் தொங்கிவிடுமே என்று, முட்டுக்கொடுக்க ஒரு தாங்கியையும் சில நிறுவனங்கள் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருகின்றன.

சிப்பின் சூட்டை அவ்வளவு பெரிய உலோகக் கட்டுக்குப் பரப்புவது ஹீட் பைப். காற்று நீக்கிய செம்புக் குழாய்க்குள் துளியளவு நீர். சூடான முனையில் அது ஆவியாகும், குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, இட்லிப் பானை மூடியில் படிவதுபோல் மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சு அதை உறிஞ்சித் திருப்பி இழுத்துவரும். இதே வேலையைத் தட்டையான பெட்டிக்குள் செய்தால் அது வேப்பர் சேம்பர்.

இந்தப் பொறியியலுக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. சிப்பை வடிவமைத்துத் தருவது என்விடியா அல்லது ஏஎம்டி. கார்டாக்கி விற்பது ஏசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சஃபையர் போன்ற நிறுவனங்கள். எல்லோர் கையிலும் ஒரே சிப்தான். ‘என் கார்டு வேறு’ என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் மேலே மாட்டுகிற கூலர் மட்டுமே. 2013 அக்டோபரில் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஏஎம்டி மாட்டிய ஒற்றை ஃபேன் கூலரில் சிப் 95 டிகிரி வரை போகும், இரைச்சலோ சொல்லி மாளாது. அதே சிப்பின் மேல் சஃபையர் மூன்று ஃபேன்கள் கொண்ட தன் கூலரைப் பொருத்தி விற்றது. சூடு, சத்தம் இரண்டும் வெகுவாகக் குறைந்தன. 2014 வாக்கில் இன்னொரு நல்ல பழக்கம் பரவியது: சிப் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தொடும்வரை ஃபேன் சுற்றவே சுற்றாது. மெயில் பார்க்கும்போதும் படம் பார்க்கும்போதும் கார்டு மௌனமாகவே இருக்கும். என்னைக் கேட்டால், இந்தத் துறை செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான்.

சத்தம் அடங்கிய பிறகு எதில் போட்டி போடுவது? கம்ப்யூட்டர் கேபினெட்டின் தகரச் சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வந்திருந்தது. கார்டு வெளியே தெரியும் பொருளாகிவிட்டது. வண்ண விளக்குகள், வெள்ளைப் பூச்சு, பின்பக்கத்துக்கு அலங்காரத் தகடு, கடைசியில் சூடும் வேகமும் காட்டும் குட்டி எல்சிடி திரை என்று வரிசையாக வந்தன. விளக்குகளால் பெரிய கெடுதல் இல்லை, சில வாட் செலவு அவ்வளவுதான். ஆளுக்கொரு சாஃப்ட்வேரை நம் தலையில் கட்டினார்களே, அதுதான் தொல்லை. 2023-ல் விண்டோஸ் 11-லேயே விளக்குக் கட்டுப்பாட்டை மைக்ரோசாஃப்ட் சேர்க்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

அழகு அமைதியோடு முட்டிக்கொள்ளும் இடம் வேறு. வழக்கமாக ஃபேன் இருக்கும் முகம் தரையைப் பார்த்திருக்கும், நமக்குத் தெரிவது கார்டின் விளிம்புதான். முகம் தெரியட்டுமே என்று பலர் கார்டைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லையென்றால் காற்று எங்கிருந்து வரும்? சூடு ஏறும், ஃபேன் வேகமெடுக்கும், காசு கொடுத்து வாங்கிய அமைதி போய்விடும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கார்டு உண்டு. ஆஸ்திரிய ஃபேன் நிறுவனமான நோக்டுவாவோடு சேர்ந்து ஏசுஸ் 2021-ல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3070. விளக்கு கிடையாது. பழுப்பும் காவியும் கலந்த நிறம், நாலு ஸ்லாட்டுக்கும் மேல் தடிமன், சாதாரண கேபினெட் ஃபேன் அளவில் இரண்டு ஃபேன்கள். அவ்வளவு அவலட்சணமான நிறமே ஒரு பெருமை அடையாளமாகி, பிறகு 4080-க்கும் 5080-க்கும் அதே பாணியில் கார்டுகள் வந்தன.

சிப் விற்கும் என்விடியாவே கூலரிலும் இறங்கிவிட்டது. 5090-ன் சொந்தப் பதிப்பு வெறும் இரண்டு ஸ்லாட்தான். சர்க்யூட் போர்டை மூன்று துண்டாக்கி, முக்கியமான துண்டை நடுவில் ஒடுக்கி, இரு புறமும் காற்று தடையின்றி ஊடுருவிப் போக வழி விட்டார்கள். சிப்பின் மேல் பசைக்குப் பதில் திரவ உலோகம். வேலைப்பாடு அசர வைக்கிறது. ஆனால் அதே 575 வாட்டை மூன்றரை ஸ்லாட்டில் ஆற்றும் கார்டுகள் இதைவிட அமைதியானவை. மெலிவு வேண்டுமா, மௌனம் வேண்டுமா என்பது வாங்குபவர் பாடு. சிப் தருபவரே போட்டியாளராக வந்தால் பங்காளிகளுக்குக் கசக்காதா? என்விடியா கார்டுகளுக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனம் இவிஜிஏ 2022 செப்டம்பரில் இந்தத் தொழிலையே விட்டு வெளியேறியது. என்விடியாவே கார்டு விற்றதும் அதன் மனக்குறைகளில் ஒன்று.

விமர்சனங்களில் வரும் டெசிபல் கணக்கை நம் ஊரில் அப்படியே நம்பக் கூடாது. எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்கு மேல் எவ்வளவு என்றுதான் வேலை செய்யும். 24 டிகிரி அறையில் அளந்த கார்டு, மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே ஃபேன் வேகத்தில் ஏறக்குறைய 12 டிகிரி கூடுதலாகச் சுடும். அதை ஈடுகட்டச் சத்தம் கூடும். 575 வாட் சூடும் அந்த அறைக்குள்ளேயேதான் இறங்குகிறது.

ஃபேன்கள் அடங்கியதும் இன்னொரு ஒலி காதில் விழத் தொடங்கியிருக்கிறது. மின்சாரத்தைச் சீராக்கும் காயில்கள் அதிர்வதால் எழும் மெல்லிய கீச்சொலி இது, ‘காயில் வைன்’ என்பார்கள். ஃபேன் இரைந்த காலத்தில் அது அவ்வளவாகக் கேட்டதில்லை. ஒரே மாடலில் ஒரு கார்டில் கேட்கும், அடுத்ததில் கேட்காது. கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை அடக்க முடியாது. எந்த விளம்பரப் பெட்டியும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.