பொய் சொல்லும் ஊர்கள்: ‘சைமன்ஸ் குவெஸ்ட்’ அன்றும் இன்றும்

வசவையும் பாராட்டையும் ஒருசேர வாங்கிக்கொண்ட இரண்டாம் பாகங்கள் வீடியோ கேம் உலகில் குறைவு. அப்படி ஒன்று, 1987 ஆகஸ்டில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘காஸில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்’. முதல் பாகத்தில் டிராகுலாவைச் சாட்டையால் அடித்து வீழ்த்திய சைமன் பெல்மான்ட், ஏழு ஆண்டு கழித்து அவன் விட்ட சாபத்தால் செத்துக்கொண்டிருக்கிறான். பிழைக்க வேண்டுமென்றால் டிராகுலாவின் விலா எலும்பு, இதயம், கண், நகம், மோதிரம் ஐந்தையும் பாழடைந்த மாளிகைகளிலிருந்து தேடி எடுக்க வேண்டும். அவற்றைக் கோட்டைக்குக் கொண்டுபோய் எரித்து, அவனை எழுப்பி, மறுபடி கொல்ல வேண்டும். கதை இவ்வளவுதான்.

முதல் பாகத்தில் நேராகப் போனால் போதும். கட்டம் முடியும், அடுத்தது வரும். இரண்டாம் பாகம் காடும் ஆறும் சுடுகாடும் ஊர்களுமாகத் திறந்து கிடக்கும். இந்தப் பக்கம் போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பகல் இருட்டி இரவாகும். இரவானால் பேய்களை வீழ்த்த இரு மடங்கு அடி வேண்டும். ஊருக்குள் கடையும் கோயிலும் அடைத்திருக்கும், தெருவில் பிணங்கள் நடக்கும். விளையாட்டுக்குள் எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், முடிவு அதைப் பொறுத்து மூன்று விதமாக மாறும். 1987-க்கு இதெல்லாம் பெரிய துணிச்சல். அதைச் செய்தவர் ஹிதோஷி அகாமாட்சு என்ற இயக்குநர்.

சேலம், நாமக்கல் பக்கம் 90-களில் வளர்ந்தவர்களுக்குக் கொனாமி என்ற பெயர் ‘கான்ட்ரா’ கேசட்டில்தான் அறிமுகம். டிவி கேம் பெட்டிகள் சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வந்தன. பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். மரியோவும் கான்ட்ராவும் இல்லாத கேசட்டைக் கடைக்காரரே விற்கத் தயங்குவார். காஸில்வேனியாவின் முதல் இரண்டு பாகங்களும் ஜப்பானில் முதலில் கேசட்டில் வரவில்லை, ஃபேமிகாமோடு சேர்க்கும் டிஸ்க்கில் வந்தன. நம் ஊருக்கு வந்தவை கேசட்டின் நகல்கள். அதனால்தானோ என்னவோ, சைமனின் படம் ஒட்டிய கேசட் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு அது பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் வழியாகத்தான் கிடைத்தது. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் இந்த மாதிரி பழைய விளையாட்டுகள் பென்டிரைவ் வழியாகப் பையனிடமிருந்து பையனுக்குப் பரவின. மாணவர்கள் பாடத்தைவிட வேகமாக இதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ராசிபுரத்துப் பையன் ஒருவன் தான் பிறப்பதற்கு முன்பு ஜப்பானில் செய்த ஒரு பொருளை எடுத்துப் பார்த்து, பிடித்தது பிடிக்கவில்லை என்று அபிப்பிராயம் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

கேசட் காலத்தில் விளையாட்டு என்பது பாதி திரையில், பாதி திண்ணையில். கேசட்டைக் கழற்றி ஊதி மாட்டுவோம், அடாப்டர் சூட்டைத் தொட்டுப் பார்ப்போம், டிவியைத் திருகிச் சேனல் பிடிப்போம். பிறகு ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு ஐந்து பேர். விளையாடுகிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும். கான்ட்ராவில் மேலே மேலே கீழே கீழே, இடது வலது இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் 30 லைஃப் கிடைக்கும். இந்த வித்தையை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் படிக்கவில்லை. விசைத்தறி ஓடும் தெருவில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் ஒருவனுக்கு ஒருவன் சொன்னான். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி ஊழியர் 1986-ல் ‘கிரேடியஸ்’ விளையாட்டுக்காக வைத்த வரிசை அது. ஜப்பானிலிருந்து கிளம்பி, யார் யார் வாய் வழியாகவோ பள்ளிபாளையம் வரை வந்து சேர்ந்தது. சொன்னதில் பாதி பொய்யாகவும் இருக்கும். இந்தக் கட்டத்தில் சுவரை முட்டினால் ரகசியக் கதவு என்பான் ஒருவன். அரை மணி நேரம் முட்டிப் பார்த்தபின், சொன்னவன் யார் என்று பார்த்து அடுத்த முறை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

சைமன்ஸ் குவெஸ்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதன் ஊர்களில் பத்துப் பேரிடம் பேசினால் சிலர் உண்மை சொல்வார்கள், சிலர் உளறுவார்கள், சிலர் துணிந்து பொய் சொல்வார்கள். சேலம் பழைய பேருந்து நிலையத்தில் வழி கேட்பவர் ஒருவர் சொன்னதோடு நடந்துவிடுவதில்லை. இன்னும் இரண்டு பேரைக் கேட்டு, மூன்றையும் ஒத்துப் பார்த்துத்தான் கால் எடுத்து வைப்பார். இந்த விளையாட்டு அந்தப் பழக்கத்தை எதிர்பார்க்கிறது. பின்னால் நாலு பேர் உட்கார்ந்து வாக்குவாதம் செய்யும் வீட்டுக்காகவே செய்தது போல இருக்கும்.

அமெரிக்காவுக்கு அது 1988 டிசம்பரில் போனது. அங்கே நின்டெண்டோவுக்குச் சொந்தமாக ‘நின்டெண்டோ பவர்’ பத்திரிகை இருந்தது, தொலைபேசியில் துப்புச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பத்திரிகையின் இரண்டாவது இதழே சைமன் அட்டைப்படத்தோடுதான் வந்தது. அவன் கையில் டிராகுலாவின் வெட்டிய தலை. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர் புகார் சொன்னது பிரசித்தம். ஆனால் விளையாடியவர்களை உண்மையில் வாட்டியது வேறு. ஊர்க்காரர் சொல்வது பொய்யா, ஆங்கிலத்தில் பெயர்த்தவர் செய்த குளறுபடியா என்று பிரிக்க முடியவில்லை. சுடுகாட்டு வாத்திடம் பட்டுப்பை வாங்கினால் நெடுநாள் வாழலாம் என்று ஒரு ஆள் சொல்வான். விளையாட்டில் வாத்தே கிடையாது. சுடுகாட்டில் பூண்டை வைத்தால் ஒரு ஆள் தோன்றிப் பையைக் கொடுப்பான்.

எல்லாவற்றுக்கும் மேல் டெபோரா குன்று. சிவப்புப் படிகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த முட்டுச்சுவர் ஓரம் சைமனை மண்டியிட வைத்து, எதையும் அழுத்தாமல் சில நொடி பொறுக்க வேண்டும். சுழற்காற்று ஒன்று வந்து அவனை அள்ளிக்கொண்டு போகும். அழுத்து, குதி, அடி என்று பழகிய கை சும்மா இருக்குமா? ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தச் சுவரோடு விளையாட்டை மூட்டை கட்டினார்கள்.

அந்தக் கோபத்துக்கு 2004-ல் ஒரு குரல் கிடைத்தது. ஜேம்ஸ் ரோல்ஃப் என்ற அமெரிக்க இளைஞர் கேமராவுக்கு முன் உட்கார்ந்து, இந்த விளையாட்டின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டித் தீர்த்தார். பகலிரவு மாறும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி மெதுவாக ஓடும் அந்த எழுத்துப் பலகை, மண்டியிடச் சொல்லாத துப்பு, எதுவும் மிச்சமில்லை. ‘ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்’ என்று பின்னால் பெயர் பெற்ற தொடருக்கு அதுவே முதல் படம். 2006-ல் யூடியூபுக்கு வந்தபின் உலகத்து அபிப்பிராயமே அதுவாகிவிட்டது. இங்கே கல்லூரி விடுதிகளில் பிள்ளைகள் விளையாட்டைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் திட்டைப் பார்த்தார்கள். திட்டில் நியாயம் நிறைய இருக்கிறது. ஆனால் தனியே உட்கார்ந்து, கேட்க ஆளில்லாமல் விளையாடியவரின் திட்டு அது. கூட்டமாக விளையாடிய தெருவில் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

இன்று எல்லோரிடமும் கைடு இருக்கிறது. என் அண்ணன் மகன் திருச்செங்கோட்டில் பொறியியல் படிக்கிறான். போன தீபாவளி விடுமுறையில் கைபேசித் திரையில் வரைந்த பொத்தான்களைத் தடவியபடி இதை விளையாடிக்கொண்டிருந்தான்.

“சித்தப்பா, இந்த ஊர்ல ஒருத்தனும் உண்மை பேச மாட்டேங்கறான்.”

“அப்புறம் எப்படிடா போற?”

“அவங்க பேசறதப் படிக்கறதே இல்லீங்க. மேப் டவுன்லோட் பண்ணிட்டேன். ஆனா பாட்டு சூப்பரா இருக்குது.”

பாட்டு என்றது கெனிச்சி மாட்சுபாரா அமைத்த ‘பிளடி டியர்ஸ்’. வயலில் நடக்கும் பகல் நேரத்தில் ஓடும் இசை. கொனாமி பின்னால் வந்த பாகங்களில் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டது. விளையாட்டைத் திட்டுபவர்கள்கூட இதில் கை வைப்பதில்லை. அண்ணன் மகன் மண்டியிடும் இடத்துக்கு வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. மேப்பைப் பார்த்தான், மண்டியிட்டான், காற்று வந்தது, போய்விட்டான். நாங்கள் நாட்கணக்கில் முட்டிய இடத்தை அவன் மூச்சு விடுவதற்குள் தாண்டினான். அவனுக்குக் கோபம் வர வழியே இல்லை. கோபம் இல்லாததால் காட்டின் நிறம், இரவின் பயம், ஆளில்லாத மாளிகையின் வெறுமை எல்லாம் அவன் கண்ணில் பட்டன. டிராகுலாவின் இதயத்தை எடுத்துக் காட்டினால்தான் படகுக்காரன் வேறு கரைக்குக் கூட்டிப் போவான் என்பதைப் பார்த்து அசந்துவிட்டான். எடுத்த உறுப்பே சாவியாவது நல்ல யோசனை என்றான். நானும் அதைத்தான் இந்த விளையாட்டின் சிறந்த இடம் என்பேன்.

இந்தக் கோட்டை, சாட்டை எல்லாம் ஐரோப்பாவின் சரக்கு, நமக்கு அந்நியம் என்று சிலர் சொல்வதுண்டு. நாமக்கல் மாவட்டம் பவித்திரம் பக்கத்திலுள்ள வெள்ளாளப்பட்டியில் அச்சப்பன் கோயில் இருக்கிறது. விஜயதசமியன்று அங்கே பேய் பிடித்ததாக நம்பும் பெண்கள் வரிசையாக மண்டியிடுவார்கள், பூசாரி சாட்டையால் அடிப்பார். படத்தோடு செய்தி வரும். பெண்கள் மேல் சாட்டை விழுவதை என்னால் ஏற்க முடியாது, என்றைக்கும் ஏற்க மாட்டேன். ஆனால் சாட்டைக்குப் பேய் ஓடும் என்ற நம்பிக்கை எந்த ஊரிலிருந்தும் இங்கே இறக்குமதி ஆகவில்லை. தோல் சாட்டை, முள் சாட்டை, சங்கிலிச் சாட்டை என்று சைமன் மாற்றிக்கொண்டே போவதைப் பார்க்கும் இந்தப் பக்கத்துப் பையனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

திட்டு வாங்கிய இந்த விளையாட்டின் மதிப்பு பின்னால் உயர்ந்ததற்கு அதற்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. 1997-ல் வந்த ‘சிம்ஃபனி ஆஃப் தி நைட்’ திறந்த கோட்டையில் அலைந்து, பொருள் சேர்த்து, பழைய இடத்துக்குத் திரும்பி வரும் விளையாட்டுக்கு இலக்கணமே வகுத்தது. அந்த வகைக்கு மெட்ராய்ட்வேனியா என்று பெயர், அந்தப் பெயரில் பாதி காஸில்வேனியா. அந்த வேரைத் தோண்டிப் போனவர்கள் பத்தாண்டு முன்பே சைமன்ஸ் குவெஸ்ட் இதை முயன்றிருப்பதைப் பார்த்தார்கள். ஆர்வலர்கள் துப்புகளைத் திருத்தி எழுதி, பகலிரவு மாற்றத்தை வேகப்படுத்தித் தாங்களே திருத்திய பதிப்புகளை உருவாக்கினார்கள். 2019-ல் கொனாமி வெளியிட்ட ‘காஸில்வேனியா ஆனிவர்சரி கலெக்ஷன்’ நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதியோடு வந்தது. ஆங்கிலக் கேசட்டில் அது இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டில் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாமல் விளையாடிய எங்களுக்கு அந்தத் தாள்தான் துணை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியதில் பூஜ்யமா ‘ஓ’-வா என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிருக்கிறது.

கைடு வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. வினா விடையை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் எடுக்க வைக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு நாமக்கல் பெயர் போனது. அங்கே ஆண்டுக்கணக்கில் பதிலை மட்டும் பார்த்த பிள்ளைகள், விளையாட்டிலாவது கேள்வியோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். டெபோரா குன்றுக்கு மேப்பைப் பார்ப்பதில் தப்பில்லை, அந்த இடம் யாராலும் ஊகிக்க முடியாதது. ஆனால் முதல் ஊர் ஜோவாவையும், முதல் மாளிகையையும், முதல் இரவையும் கைடு இல்லாமல், பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்துக்கொண்டு விளையாட வேண்டும். யார் சொல்வது பொய் என்று இருவரும் சண்டை போட வேண்டும். அண்ணன் மகனுக்கு இதைச் சொன்னேன். அடுத்த முறை தன் தங்கையைக் கூட உட்கார வைத்து ஆரம்பத்திலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் விவாதமே இல்லை. கடைசிக் கோட்டையில் ஒரு பேய்கூடக் கிடையாது. அந்த வெறுமையை வேண்டுமானால் ரசிக்கலாம். ஆனால் எழுந்து வரும் டிராகுலா மீது தங்கக் கத்தியை விடாமல் எறிந்தால் அவனால் அசையவே முடியாது, நின்ற இடத்திலேயே சாவான். இவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டு இப்படி ஒரு சண்டையா என்று 1988-ல் கேட்டார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை அண்ணன் மகனும் அதையே கேட்டான்.