அளவறிந்து தேர்க: மழைநீர் வடிகால் கணிப்பு

மழையின் சிறப்பைக் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்தார் வள்ளுவர். அம்மழையே பெய்தபின் வடியாது நிற்குமாயின் துன்பமாகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களில் இத்துன்பம் பெரிது. குழித்தறியில் நெசவாளர் கால்மிதி இயக்கத் தரையில் பள்ளம் இருக்கும். தெருவில் தேங்கிய நீர் அப்பள்ளத்தில் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் உலையும் நிற்கும். ஆதலின் அங்கு வடிகால் அமைப்பது பிழைப்பைக் காக்கும் பணியாகும்.

வடிகாலின் அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றைக் கணிக்க இன்று மென்பொருள்கள் பல உள. எதனைத் தேர்வது? துண்டு நெய்ய ஜக்காடு பெட்டி வேண்டுவதில்லை. கோர்வைச் சேலையைத் துணையாளின்றி நெய்வதும் அரிது. பணியின் அளவே கருவியைத் தீர்மானிக்கிறது. இதனை மூன்று நிலைகளில் காண்போம்.

முதலாவது, ஒரு தெரு. இதற்கு அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851-இல் வெளியிட்ட எளிய முறையே போதும். பரப்பு 3 எக்டேர், மழை மணிக்கு 60 மில்லிமீட்டர், ஓடிவரும் நீரின் பங்கு 0.8 எனக் கொள்வோம். இம்மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் 0.4 கனமீட்டர், அதாவது நொடிக்கு 400 லிட்டர் கிடைக்கும். அதனைக் கடத்தும் வடிகாலே தேவை. காகிதமும் எழுதுகோலும் இக்கணக்கிற்குப் போதுமானவை.

இரண்டாவது, ஊர் முழுவதும். பல தெருக்களின் நீர் வெவ்வேறு நேரத்தில் ஒரே வடிகாலை அடையும்போது மேற்கண்ட கணக்குப் பிழைபடும். எங்கே நீர் எதிர்த்தேறும் என்பதை அது காட்டாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-இல் உருவாக்கிய ‘ஸ்விம்’ என்னும் மென்பொருள் இந்நிலைக்கு உரியது. காலப்போக்கில் வடிகால்தோறும் நீர் ஏறி இறங்குவதை அது கணிக்கும். விலையின்றிக் கிடைப்பது அதன் மற்றொரு சிறப்பு.

மூன்றாவது, ஏரியும் ஆறும் சேர்ந்த வடிநிலம். பாலாற்றில் வெள்ளம் உயர்ந்தால் ஊர் வடிகாலின் வாய் அடைபடலாம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னைத் தெருக்களின் வடிகால்களால் மட்டும் நகரைக் காக்க இயலவில்லை. இத்தகைய இடத்திற்கு அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய ‘ஹெக்-ராஸ்’ போன்றவை வேண்டும். கரை கடந்த நீர் நிலத்தில் எவ்வாறு பரவும் என்பதையும் அது காட்டவல்லது. இதுவும் விலையற்றது, ஆயின் பயிற்சியும் விரிவான நிலமட்ட விவரமும் கேட்கும்.

கருவி பெரிதானால் விடை சரியாகிவிடும் என எண்ணுவது தவறு. நிலமட்டம் ஒரு சாண் தவறினாலும் நீர் தறிக்குழியை நோக்கித் திரும்பும். எனவே மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குமுன் மட்ட அளவைக்கு ஒதுக்குவதே முறை. சென்ற மழையில் நீர் எதுவரை நின்றது என்பதைச் சுவரில் காட்டவல்ல முதியோரையும் கேட்டல் வேண்டும். கணிப்பொறியின் விடை அச்சுவர்க் கறையோடு ஒத்து வந்தால் அதனை நம்பலாம்; ஒவ்வாவிடின் மீண்டும் அளக்க வேண்டும்.

நம் மாணவர் தத்தம் தெருவின் 3 எக்டேரை அளந்து கணக்கிடுவதிலிருந்து தொடங்கலாம். சிறிய கணக்கைச் செம்மையாகச் செய்தவரே பெரிய கருவியையும் பிழையின்றிக் கையாள்வர்.