புஷ் மாத்த வீட்லயே ஹைட்ராலிக் பிரஸ் வாங்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது காரோட முன்பக்கம் 'டொக் டொக்'னு சத்தம். சர்வீஸ் சென்டர்ல காட்டினா லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சுன்னு சொல்லி, பார்ட்ஸ், லேபர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரு எஸ்டிமேட்டை நீட்டுறாங்க. அன்னிக்கு ராத்திரியே யூடியூப்ல ஒருத்தர் தன் வீட்டு ஷெட்ல பிரஸ் வச்சு பழைய புஷ்ஷை 'டப்'புன்னு வெளியே தள்ளுறதைப் பார்க்கிறீங்க. பத்து நிமிஷத்துல உங்க ஷாப்பிங் கார்ட்ல ஒரு 12 டன் பிரஸ் ஏறிடுது.

வாங்காதீங்கன்னு சொல்ல வரல. ஆனா கார்ட்ல ஏத்தின பலரும் போடுற கணக்கு இதுதான்: "சர்வீஸ் சென்டர் பில்லுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தா பிரஸ்ஸே வந்துடுது, அப்புறம் ஆயுசுக்கும் இலவசம்." இந்த ஒப்பீடே சரியில்ல.

ஏன்னு பார்ப்போம். புஷ்ங்கிறது வெளியே ஒரு இரும்பு உறை, உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர். அது ஆர்ம்ல இருக்கிற ஓட்டையில இறுக்கமா அடைஞ்சு உட்கார்ந்திருக்கும். வேலையைப் பிரிச்சுப் பாருங்க: வண்டியைத் தூக்கணும், சக்கரத்தைக் கழட்டணும், பால் ஜாயின்ட்டை விடுவிக்கணும், ஆர்மைக் கழட்டணும், பழைய புஷ்ஷைத் தள்ளிப் புதுசை ஏத்தணும், எல்லாத்தையும் திருப்பி மாட்டணும், கடைசியா அலைன்மென்ட். இதுல பிரஸ்ஸுக்கு வேலை ஒரே ஒரு இடத்துல தான். மீதி எல்லாம் ஜாக்கி, ஸ்டாண்ட், ஸ்பேனர் வேலை. அதனால பிரஸ் விலையை மொத்த பில்லோட ஒப்பிடக்கூடாது. கழட்டின ஆர்மைக் கையில எடுத்துட்டுப் போனா, பக்கத்து லேத் பட்டறையில புஷ் தள்ளி ஏத்த என்ன கூலி கேட்பாங்களோ, அதோட தான் ஒப்பிடணும்.

நம்பர் போட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டது, உங்க ஊர் ரேட்டை நீங்க போட்டுக்கோங்க. பிரஸ் ரூ.15,000. தள்ளுறதுக்கான கப், பிளேட், கண்ணாடி ரூ.3,000. மொத்தம் ரூ.18,000. அஞ்சு வருஷம் கழிச்சு ரூ.7,000க்கு வித்துட்டீங்கன்னா நிகரச் செலவு ரூ.11,000. பட்டறையில ஒரு புஷ்ஷுக்கு ரூ.200, ரெண்டு ஆர்முக்கும் சேர்த்து நாலு புஷ், ஒரு தடவைக்கு ரூ.800. அப்போ 11,000ஐ 800ஆல வகுத்தா, கிட்டத்தட்ட 14 தடவை புஷ் மாத்தினா தான் போட்ட காசு திரும்பும். ஒரு செட் புஷ் 50,000 கி.மீ. ஓடும்னு வச்சா 7 லட்சம் கி.மீ. வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுற ஆளுக்கு 58 வருஷம்! அதுவரைக்கும் அந்த கார் இருக்காது, அந்த பார்க்கிங்கும் நம்மளோடது இல்ல.

மூணு குடும்பத்து கார்களுக்கு நீங்க தான் மெக்கானிக்னா அது சுமார் 20 வருஷமா குறையும். அப்பவும் பெருசா லாபம் இல்ல. வீல் பேரிங், வேற ஃபேப்ரிகேஷன்னு வாராவாரம் கையை அழுக்காக்கிக்கிறவரா இருந்தா கணக்கு மாறும். அப்போ அது பொழுதுபோக்குச் செலவு. கேமரா, கிட்டார் மாதிரி தாராளமா வாங்குங்க, 'சேமிப்பு'ன்னு மட்டும் பேர் வைக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு விஷயம் செக் பண்ணுங்க. ஒண்ணு, நிறைய மாடல்களுக்கு புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் ஏற்கனவே ஏத்தின முழு ஆர்மே கிடைக்கும். பால் ஜாயின்ட்டும் தேய்ஞ்சிருந்தா அதுவே புத்திசாலித்தனம், பிரஸ்ஸே தேவையில்ல. 2025 செப்டம்பர் 22லேர்ந்து 28% வரியில இருந்த கார் உதிரி பாகங்களும் 18% ஜிஎஸ்டிக்கு வந்தாச்சு, அதனால அதுக்கு முன்னாடி வாங்கின எஸ்டிமேட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார்கள்ல பின்பக்கம் இருக்கிறது டார்ஷன் பீம். அந்த முழு பீமையும் தூக்கி வீட்டு பிரஸ்ல வைக்கிறது நடக்காத காரியம். அதுக்கு வண்டியிலேயே மாட்டி இழுக்கிற, நீள போல்ட்டும் கப்பும் உள்ள புஷ் புல்லர் தான் சரி. பிரஸ்ஸை விட விலையும் குறைவு, கட்டிலுக்கு அடியிலேயே வச்சுக்கலாம்.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்குறேன்னு சொல்றவங்களுக்கு:

டன் நம்பரை மட்டும் பார்த்து மயங்காதீங்க. ஸ்டிக்கர்ல இருக்கிற '20 டன்' பல சமயம் ஜாக்கியோட அளவு தான். அதைத் தாங்க வேண்டியது ஃபிரேம். வெல்டிங் முழுசா ஓடியிருக்கா, சேனல் கனமா இருக்கா, படுக்கையைத் தாங்குற பின் தடிமனா இருக்கா, படுக்கை ஒரு பக்கம் சாயுதான்னு பாருங்க. 6 டன் துருப்பிடிச்ச புஷ்ஷுக்குத் திணறும். வழக்கமான கார் புஷ்ஷுக்கு 12 டன் போதும். 20 டன்ல கிடைக்கிற பெரிய லாபம், ரெண்டு தூணுக்கும் நடுவுல உள்ள அகலம். லோயர் ஆர்ம் கோணல்மாணலான சாமான். அது உள்ளே நுழைஞ்சு நேரா உட்காரலைன்னா எத்தனை டன் இருந்தும் பிரயோஜனம் இல்ல. டேப் எடுத்து உங்க ஆர்மை அளந்துட்டு ஆர்டர் போடுங்க. கூட வர்ற பிளேட் வார்ப்பிரும்பா இருந்தா அழுத்தத்துல தெறிச்சு உடையலாம், ஸ்டீல் பிளேட் வாங்கிக்கோங்க.

புது புஷ்ஷை ஏத்தும்போது வெளி உறையில மட்டும் தான் அழுத்தணும். நடுவுல அழுத்தினா ரப்பர் கிழிஞ்சு புது பார்ட் காசு போச்சு. சில புஷ்ல ரப்பருக்குள்ள இடைவெளி இருக்கும், அது எந்தத் திசையில இருக்கணும்னு பழசைத் தள்ளுறதுக்கு முன்னாடியே ஆர்ம்ல குறி போட்டுடுங்க. அலுமினிய ஆர்மா இருந்தா ஓட்டைக்கு நேர் கீழே முட்டுக் கொடுக்கணும், இல்லைன்னா விரிசல் விடும். கண்ணாடி போடாம பம்ப் அடிக்காதீங்க, நேர் எதிர்ல நிக்காதீங்க. வண்டிக்கு அடியில போறப்போ ஜாக்கியை நம்பாதீங்க, ஸ்டாண்ட் வேணும். இது சஸ்பென்ஷன். மனசுக்குச் சந்தேகம் இருந்தா இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

'நோ காஸ்ட் இஎம்ஐ' பார்த்தா கொஞ்சம் நில்லுங்க. பிராசஸிங் ஃபீயும், கிரெடிட் கார்டுல வட்டி மேல போடுற 18% ஜிஎஸ்டியும் உங்க தலையில தான். அதே மாதிரி, பட்டறைக்காரர் பிரஸ்ஸுக்குத் தேய்மானம் கணக்குல காட்டலாம், சம்பள வருமானத்துல உங்களுக்கு அந்த வசதி இல்ல. ஃப்ரெண்ட்ஸ் வண்டிக்குக் காசு வாங்கிச் செய்ய ஆரம்பிச்சா அது பிசினஸ் வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது.

என்னைக் கேட்டா நடுவழி தான்: ஆர்மை வீட்ல நீங்களே கழட்டுங்க, தள்ளி ஏத்த பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க, திருப்பி மாட்டும்போது பிவட் போல்ட்டை வண்டி எடை சக்கரத்துல இருக்கும்போது இறுக்குங்க. தொங்கவிட்டபடி இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் காசை எந்த வழியில போனாலும் மிச்சம் பிடிக்க முடியாது. அந்த ஷீட்ல அதுக்கு ஒரு வரி போட்டிருக்கேன், லிங்க் வீடியோவுக்குக் கீழே இருக்கு.