வலி பொறுப்பதற்கல்ல

பிரசவமாகி மூன்றாம் நாள். குழந்தை வாய் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொள்கிறாள் இளம் தாய். “முதப் புள்ளைக்கு அப்படித்தான்டி இருக்கும், போகப் போகப் பழகிடும்” என்கிறார் அவள் அம்மா. பிரசவ வார்டுகளில் அன்றாடம் கேட்கும் வசனம். முதல் சில நாள் லேசான கூச்சம் இருக்கலாம். வெடிப்பும் ரத்தமும் பழகிக்கொள்ள வேண்டிய விஷயங்கள் அல்ல.

பெரும்பாலும் கோளாறு குழந்தை கவ்வும் விதத்தில் இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போனால், காம்பு அண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதியை எட்டிவிடும். நுனியை மட்டும் கவ்வினால் நாக்குக்கும் கெட்டியான முன் அண்ணத்துக்கும் நடுவே நசுங்கும். பால் குடித்து முடித்ததும் காம்பைப் பார்த்தாலே தெரியும்: புது லிப்ஸ்டிக்கின் முனைபோல ஒருபக்கம் சாய்ந்து அமுங்கியிருந்தால் பிடி சரியில்லை.

அதற்காக வெடுக்கென்று இழுத்துவிடக் கூடாது. சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்தால் பிடி தானாக விடும். பிறகு, கொட்டாவி விடும் அளவுக்கு வாய் திறக்கும்வரை காத்திருந்து குழந்தையை மார்போடு அணைக்க வேண்டும். தாய் குனிந்து கொடுத்தால் முதுகுவலிதான் மிச்சம். பால் கொடுத்தபின் சில துளி பிழிந்து காம்பில் தடவிக் காற்றாட விடலாம். சோப்பு வேண்டவே வேண்டாம். ஆறிவந்த புண் திடீரென எரிந்து, குழந்தையின் வாயிலும் துடைத்தால் போகாத வெள்ளைப் படிவு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் இருவரையும் காட்ட வேண்டும்.

‘தாய்ப்பால் இருக்கும்போது வைட்டமின் சொட்டு மருந்து எதுக்கு?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் தாய்ப்பாலில் வைட்டமின் கே, டி இரண்டும் குறைவு. ரத்தம் உறைய உதவும் கே, பிறந்தவுடன் தொடையில் ஒரே ஊசியாகப் போய்விடுகிறது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வில் கண்டறிந்த வைட்டமின் இது. 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

எலும்புக்கான டி, முதல் ஓராண்டு தினமும் 400 யூனிட். காலை இளவெயிலில் காட்டுகிறோமே என்பார்கள். தோலில் வைட்டமின் டி உருவாக்கும் கதிர் அதிகாலை வெயிலில் மிகக் குறைவு. மூடிய கண்ணாடி ஜன்னலைத் தாண்டி அநேகமாக வருவதே இல்லை.

கவனம் வேண்டியது டிராப்பரில். சில பாட்டில்களில் ஒரு மில்லிக்கு 400 யூனிட், சிலவற்றில் 800. 400 யூனிட்டுக்கும் மேல் கொள்ளும் டிராப்பர்களோடு சில மருந்துகள் விற்கப்படுவதாக 2010-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது. மருந்துக்கடையில் ‘அது இல்லை, இதுவும் அதேதான்’ என்று வேறு பிராண்டை நீட்டினால், லேபிளைப் படித்து, டாக்டர் எழுதிய யூனிட் எத்தனை மில்லியில் வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். பழைய டிராப்பரைப் புதுப் பாட்டிலில் போட வேண்டாம்.