கையெழுத்து கடைசியில்: துபாய் பள்ளி வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவோருக்கு

துபாய், ஷார்ஜா சிபிஎஸ்இ பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால், போதும் இனி ஊரோடு இருந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்த ஆசிரியர்களில் பலர் மார்ச் கடைசியில்தான் கிளம்புகிறார்கள். விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் ஏற்றி, பிரிவுபசார பிரியாணியும் சாப்பிட்டு, கார்கோவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள்: “கேன்சலேஷன் பேப்பர் ரெடி டீச்சர், ஒரு சைன் போட்டுட்டுப் போயிடுங்க.”

இவ்வளவு அவசரத்துக்கு நடுவே அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மற்ற எல்லா வேலையும் அந்தத் தாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அமீரகத்தில் வங்கி, வாடகை, மின்சாரம், கைபேசி, காவல்துறைச் சான்று அனைத்துக்கும் எமிரேட்ஸ் ஐடிதான் திறவுகோல். விசா ரத்தானால் அதுவும் செல்லாது. வெளியேறுவதற்கு அவகாசம் உண்டு. முன்பு பொதுவாக 30 நாள் என்றிருந்ததை 2022 அக்டோபரில் மாற்றி, விசா வகையைப் பொறுத்து 180 நாள் வரை என்று நீட்டினார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்பது ரத்து ஆவணத்திலேயே இருக்கும். அது கடந்தால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஆனால் இந்த அவகாசம் நாட்டை விட்டுக் கிளம்புவதற்குத்தான். வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து கணக்கு வழக்கு பேசுவதற்கு அது உதவாது.

அந்தப் படிவத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. எனக்குச் சேர வேண்டிய பாக்கி அனைத்தையும் பெற்றுக்கொண்டேன் என்ற பொருளில் வரும் வாசகம் அது. வேலை ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் சம்பளம் உட்பட எல்லாப் பாக்கியையும் முதலாளி கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டம். பள்ளியோ, முதலில் கையெழுத்து, பிறகு பணம் என்று சொல்லும். பெரும்பாலும் பணம் வந்துவிடும் என்பதும் உண்மைதான். வராமல் போனாலோ குறைந்து வந்தாலோ, நீங்களே ஒப்பமிட்ட அந்த வரியோடு நீங்களே வழக்காட வேண்டியிருக்கும். ஆகவே ஃபைனல் செட்டில்மென்ட் கணக்கைப் பள்ளி முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். சரிபாருங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்திடுங்கள். “நம்ம ஸ்கூல்தானே” என்று விட்டுக்கொடுக்கும் இடம் இதுவல்ல.

பேசிக் எவ்வளவு?

ஊரில் பணிக்கொடை என்று சொல்லும் கிராஜுவிட்டிதான் அந்தக் கணக்குத் தாளில் பெரிய தொகை. ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத்தின்படி, ஓராண்டு முழுதாக வேலை பார்த்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியம், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் ஊதியம். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. முழுமை பெறாத ஆண்டுக்கு விகிதப்படி உண்டு. சம்பளமில்லா விடுப்பில் இருந்த நாட்கள் கணக்கில் சேராது.

இங்கே ஊதியம் என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் மட்டுமே. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எதுவும் சேராது. மாதம் 6,000 திர்ஹம் வாங்கும் ஓர் ஆசிரியரின் ஒப்பந்தத்தில் பேசிக் 3,000 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100 திர்ஹம். எட்டு ஆண்டு வேலை பார்த்திருந்தால் முதல் ஐந்துக்கு 105 நாள், அடுத்த மூன்றுக்கு 90 நாள். ஆக 19,500 திர்ஹம். மொத்தச் சம்பளத்தை வைத்து அவர் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு 39,000. பள்ளி ஏமாற்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஒப்பமிட்டதன் விலை இது. இனி கிளம்புகிறவருக்கு இந்த விவரத்தால் பயனில்லை. புதிதாகப் போகிற தங்கையோ மருமகளோ இருந்தால் அவர்களுக்குச் சொல்லலாம்.

நாமாக ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்ற பேச்சு ஸ்டாஃப் ரூம்களில் இன்னும் உலவுகிறது. அது 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை; இப்போது அந்த வெட்டு கிடையாது. நோட்டீஸ் காலம் மட்டும் முக்கியம். சட்டம் 30 முதல் 90 நாள் வரை அனுமதிக்கிறது. உங்களுக்கு எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். குறைவான நாளில் கிளம்பினால் மீதி நாளுக்கான சம்பளத்தை நீங்கள் கொடுக்க வேண்டிவரும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூனில் விலகுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: பணியின் கடைசி நாள் ஜூன் கடைசியா, ஆகஸ்ட் கடைசியா? இரண்டு மாதச் சம்பளமே அந்தத் தேதியில் இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்துக்குப் பள்ளி தரும் பதிலில் அந்தத் தேதியைக் குறிப்பிடச் சொல்லி வாங்கிவிடுங்கள்.

தகராறு என்று வந்தால் மனிதவளம் மற்றும் எமிரேட்டைசேஷன் அமைச்சகத்தில் புகார் செய்யலாம். 2024 முதல் 50,000 திர்ஹம் வரையிலான கோரிக்கைகளில் அமைச்சகமே முடிவு சொல்ல அதிகாரம் பெற்றிருக்கிறது. வழக்குத் தொடுப்பதற்கான கெடுவும் அதே ஆண்டு, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டாக நீண்டது. அதற்கு முன்பு ஓர் ஆண்டுதான்.

கணவர் விசாவில் இருக்கும் டீச்சர்

இந்தியப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண்களில் பலர் கணவரின் ஸ்பான்சர்ஷிப்பில் இருப்பவர்கள். பள்ளி அவர்களுக்கு எடுத்துத் தருவது லேபர் கார்டு மட்டும்தான். வேலையை விட்டால் அந்தக் கார்டு ரத்தாகும், குடியிருப்பு விசா தொடரும். அதனால் அவர்களுக்கு இந்த ஓட்டம் கொஞ்சம் நிதானமானது. கிராஜுவிட்டி அவர்களுக்கும் அதே கணக்குப்படி உண்டு. “நீங்க ஹஸ்பண்ட் விசாதானே” என்ற சாக்கில் அதைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. குடும்பமே கிளம்புவதானால் மனைவி, பிள்ளைகளின் விசாவை முதலில் ரத்து செய்துவிட்டுத்தான் கணவருடையதை ரத்து செய்ய முடியும். மகளின் கல்லூரிக்காக மனைவி மட்டும் ஊர் வந்து, கணவர் அங்கேயே இருக்கும் வீடுகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்த விசா செல்லாது போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பயணத் தேதிகளைத் திட்டமிட வேண்டும்.

வங்கியும் வாடகையும்

வேலை முடிந்த செய்தி வங்கிக்கு எட்டிவிடும். கடன் நிலுவையோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், ஃபைனல் செட்டில்மென்ட் உள்ளே வந்த வேகத்தில் கணக்கை முடக்கிவிட வங்கிக்கு வழியிருக்கிறது. டிக்கெட் போட்ட பிறகு இது தெரியவந்தால் தலைவலிதான். ராஜினாமா கொடுத்த வாரத்திலேயே வங்கியில் மொத்த நிலுவை எவ்வளவு என்று கடிதம் வாங்குங்கள். கார்டுகளை முன்கூட்டியே ரத்து செய்யச் சொல்லுங்கள். அது உடனே முடிகிற வேலை அல்ல, வாரக்கணக்கில் இழுக்கும். பாக்கி இல்லை என்ற சான்றையும், கடனுக்கு ஈடாகக் கொடுத்த காசோலை இருந்தால் அதையும் திரும்பப் பெறுங்கள். என்றோ வாங்கிப் பயன்படுத்தாமல் மறந்துபோன கார்டு ஒன்று எங்காவது உயிரோடு இருக்கலாம். அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 10,000 திர்ஹமோ அதற்கு மேலோ கடன் பாக்கி இருந்தால், பயணத் தடை கேட்டுக் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போகலாம். துபாய் காவல்துறையின் செயலியில் நிதி வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி இருக்கிறது.

துபாய் வீட்டைப் பொறுத்தவரை வரிசை இதுதான்: வீட்டுக்காரருக்கு நோட்டீஸ், மின்சாரம், தண்ணீருக்கான தேவா இணைப்பைத் துண்டித்து இறுதிக் கட்டணம், எஜாரி என்ற வாடகை ஒப்பந்தப் பதிவு ரத்து, முன்தேதியிட்ட காசோலைகளைத் திரும்பப் பெறுவது. தேவாவில் அடுக்குமாடி வீட்டுக்குக் கட்டிய 2,000 திர்ஹம் முன்பணம் திரும்ப வரும். அது உள்ளூர் வங்கிக் கணக்குக்கு வரட்டும் என்று கேட்டிருந்தால், அதற்கு முன் அந்தக் கணக்கை மூடிவிடக் கூடாது. வங்கியில் பதிவு செய்த கைபேசி எண்ணும் அப்படித்தான். போஸ்ட்பெய்டை ரத்து செய்யும் அவசரத்தில் எண்ணையே இழந்துவிட்டு, சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் ஊரிலிருந்து மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மலிவான ப்ரீபெய்டுக்கு மாற்றி, கடைசி ரூபாய் ஊர் வந்து சேரும்வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

தாள்கள்

வெளிநாட்டு ஆவணங்களை ஒரே முத்திரையோடு ஏற்கும் அப்போஸ்தில் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. அமீரகம் அதில் இல்லை. அதனால் அங்கு வாங்கும் அனுபவச் சான்றையோ பிள்ளைகளின் டிசியையோ ஒரே முத்திரையில் முடிக்க முடியாது. துபாய் டிசி என்றால் கல்வித்துறை ஆணையமான கேஹெச்டிஏ, பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகம், தேவைப்பட்டால் இந்தியத் துணைத் தூதரகம் என்று படி ஏற வேண்டும். எல்லாப் பள்ளிகளும் எல்லாப் படியையும் கேட்பதில்லை. ஊரில் சேர்க்கப்போகும் பள்ளியிடம் எந்த முத்திரை வரை வேண்டும் என்று முன்பே கேட்டுவிட்டால் செலவு மிச்சம்.

அனுபவச் சான்றில் எந்த வகுப்பு, என்ன பாடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழுநேரமா என்பதெல்லாம் இருக்கட்டும். “நல்ல ஆசிரியை, வாழ்த்துகள்” என்ற இரண்டு வரிக் கடிதம் அடுத்த நேர்காணலில் எடுபடாது. வேறொரு நாட்டுக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால், எமிரேட்ஸ் ஐடி செல்லுபடியாகும்போதே காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கி வையுங்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வாங்குவது சுற்றுவழி. சம்பளச் சீட்டுகளையும் வங்கி அறிக்கைகளையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஊரில் வருமான வரித்துறை இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் அதில்தான் இருக்கிறது.

ஊர் வந்த பிறகு

துபாய் சிபிஎஸ்இ பள்ளியின் கல்வியாண்டும் இந்தியாவின் நிதியாண்டும் ஒரே நாளில் முடிவது, திரும்பி வருபவரின் வரிக் கணக்கையே மாற்றுகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஊர் வந்து தங்கிவிட்டால் அந்த நிதியாண்டில் 182 நாளைத் தாண்டிவிடுவீர்கள். எனவே வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிடுகிறீர்கள். ஆனால் நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவருக்கு நடுவில் ஒரு படி இருக்கிறது. ஆடிட்டர்கள் அதை ஆர்என்ஓஆர் என்பார்கள். முந்தைய 10 நிதியாண்டுகளில் 9-இல் வெளிநாடு வாழ்பவராக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் மொத்தம் 729 நாள் அல்லது அதற்குக் குறைவாகத் தங்கியிருந்தாலோ இந்த நிலை கிடைக்கும். பத்தாண்டு துபாயில் இருந்து, ஆண்டுதோறும் கோடையில் இரண்டு மாதம் ஊர் வந்துபோன ஆசிரியருக்குப் பொதுவாக இரண்டு நிதியாண்டுகள் இது நீடிக்கும். அக்காலத்தில் வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்ற வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தும் இந்த நாள் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

வெளிநாட்டிலேயே பெற்ற என்பதை அழுத்திப் படியுங்கள். கிளம்பிவிட்டோமே என்று கிராஜுவிட்டியை நேரே திருச்சிக் கிளைக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், பணத்தை முதலில் பெற்ற இடம் இந்தியா என்றாகி வரிச் சிக்கல் வரலாம். துபாய்க் கணக்கில் வாங்கி, பிறகு நீங்களே ஊருக்கு அனுப்புவதுதான் சரி. இரண்டு மூன்று ஆண்டு மட்டும் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு ஆர்என்ஓஆர் நிலை பெரும்பாலும் கிடைக்காது. பணியின் கடைசித் தேதி மார்ச் 31-க்குள் வருமாறு பார்த்துக்கொண்டு, ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது அவர்களுக்கு நல்லது.

என்ஆர்இ கணக்கு வட்டிக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நிரந்தரமாகத் திரும்பியவருக்கு அந்தச் சலுகை தொடராது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்நியச் செலாவணி விதிப்படி திரும்பியதும் வங்கியிடம் சொல்லி, என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும். சொல்லாமல் இருந்தால் வங்கி வழக்கம்போல வரி பிடிக்காமல் வட்டி போட்டுக்கொண்டே இருக்கும்; கட்டாத வரிக்குப் பொறுப்பு வைப்பாளருடையது. டாலரில் போட்ட எஃப்சிஎன்ஆர் வைப்பு முதிர்வு வரை அதே வட்டியில் தொடரலாம். முதிர்ந்ததும் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பணம் அந்நியச் செலாவணியாகவே இருக்கும். ஆர்என்ஓஆர் காலத்தில் அந்த வட்டிக்கும் வரி கிடையாது. மகன் வெளிநாட்டில் படிக்கப்போகிறான் என்றால் இதை யோசிக்கலாம்.

அந்த நடுப்படி முடிந்து முழு வசிப்பாளர் ஆன ஆண்டிலிருந்து, துபாயில் மூடாமல் விட்ட கணக்கையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து நீங்கலாக மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து அபராத விலக்கு உண்டு. ஆனாலும் படிவத்தில் காட்டும் கடமை போய்விடவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குக்கு அங்கே வங்கி மாதாமாதம் கட்டணமும் பிடிக்கும். தேவா முன்பணம் வந்து சேர்ந்த அன்றே மீதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.